செவ்வாய்க்கிழமை வெல்லம்

மாதங்கி தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. இருபத்து மூன்று வயதில் ஸ்டெனோ வேலைக்காக மாயவரத்திலிருந்து டெல்லிக்கு ரயிலேறியவள். ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை வந்து சுருண்டு கிடந்தபோதும், ஊருக்கு டிரங்கால் போட்டு, இங்கே குளிர் கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னாள். பிரசவ வலி எடுத்த காலையில் ஆபீசுக்குப் போய், அதிகாரியின் குறிப்பை டைப் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தாள். இதையெல்லாம் சுற்றியிருந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அவளும் பெருமை என்றே நினைத்துக்கொண்டாள். அதுதான் வந்த வினை.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. ஓர் அமைச்சகத்தில் பிரைவேட் செக்ரட்டரி. கோல் மார்க்கெட் அருகே இரண்டாவது மாடியில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். மகள் ஜ்யோத்ஸ்னா புனேயில் வேலை பார்க்கிறாள். வீட்டில் மாதங்கியும் அவள் கணவர் ஜெயகிருஷ்ணனும் மட்டும்தான். மூன்றாவதாக ஹாலில் ஒரு சமுத்திரம் இருந்தது.

ஜெயகிருஷ்ணன் ஆடிட்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயரானதும் மற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து ஊற்றி, பவளம் வளர்க்க ஆரம்பித்தார். முதல் இரண்டு வருஷம் பவளம் வளரவில்லை, பாசிதான் வளர்ந்தது. பாறை முழுக்கப் பச்சைப் பசேலென்று முடி முளைத்த மாதிரி. அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து அவருக்குத் தோள்பட்டை போயிற்று. பிறகு மெல்லமெல்லக் கற்றுக்கொண்டார். மீனுக்குப் போடும் தீனியும் மீனின் கழிவும் நைட்ரேட், பாஸ்பேட் என்று தண்ணீரில் சேர்கின்றன. அது அதிகமானால் பச்சைப் பாசி. அறவே இல்லாமல் போனாலோ பவளம் பட்டினி கிடக்கும், பச்சைக்குப் பதில் அதைவிட மோசமான பழுப்புச் சளி வந்து உட்காரும்.

"சுத்தமும் ஆகாது, அழுக்கும் ஆகாது. நடுவுல நிக்கணும்," என்பார். "அளந்து பார்க்காம ஒரு சொட்டு உள்ளே விடக்கூடாது."

சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மாதங்கி காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருவழியாகத் தண்ணீர் சரியாகி வந்தது. பவளங்கள் விரல் விரலாக விரிந்து ஆடின. இரண்டு கோமாளி மீன்கள் அவற்றுக்குள் ஒளிந்து விளையாடின, மஞ்சள் மீன் ஒன்று மேலும் கீழும் திரிந்தது.

அந்த ஜூலையில், டெல்லி மழைக்காலத்தில்தான், குளிக்கும்போது, மாதங்கியின் கையில் அது தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு கட்டி. வலி இல்லை.

டிஸ்பென்சரியில் லேடி டாக்டர் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள் என்றார். மாதங்கி "அச்சா ஜி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடை வார்த்தாள். அடை நன்றாக இருந்ததாக ஜெயகிருஷ்ணன் சொன்னார்.

அவளுக்கு ஸ்கேன் பயமில்லை. ஊசிதான் பயம். அவளுடைய அக்கா மேகலாவுக்கும் இதேதான். ஊசி குத்திப் பார்த்த ஐந்தாம் மாதம் போய்ச் சேர்ந்தாள். "சும்மா கிடந்ததைக் குத்திக் கிளறி விட்டுட்டா, பரவிடுத்து," என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மேகலா ஊசிக்குப் போனதே கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மாதங்கிக்கு அது தெரியும். தெரிந்து என்ன, பயம் கணக்குப் பார்த்தா வருகிறது?

ஊசி வேண்டாம், ஆனால் ஏதாவது செய்தாக வேண்டும். அவர்களுக்குக் குலதெய்வம் வைத்தீஸ்வரன் கோயில். உடம்பில் கட்டி வந்தால் அந்தக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையும் என்று நம்பிக்கை. ஊரில் இருக்கிற யாரிடமாவது சொல்லிக் கரைக்கச் சொல்லலாம் என்றால், யாருக்கு என்று கேட்பார்கள். லீவு போட்டுக் கிளம்பினால் இவர் எதற்கு என்று கேட்பார். டெல்லியில் கோயில் உண்டு, குளம் ஏது? யமுனையில் கரைக்கலாமென்றால் அங்கே ஏற்கெனவே நுரை பொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஜெயகிருஷ்ணன் நடக்கப் போன நேரத்தில், மாதங்கி விளக்கேற்றிவிட்டு ஹாலுக்கு வந்தாள். மீன் இருக்கிற தீர்த்தம் வீட்டிலேயே இருந்தது. குளத்தில் உப்பும் மிளகும்கூடப் போடுவார்கள். உப்பு இதில் ஏற்கெனவே உண்டு. மிளகு மிதந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகையால், சுண்டைக்காய் அளவு வெல்லத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, அது கரைந்து முடியும்வரை வைத்தீஸ்வரனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். மனசு கொஞ்சம் லேசாயிற்று. அடுத்த செவ்வாயும் கரைத்தாள். அதற்கடுத்த செவ்வாயும்.

தண்ணீரில் சர்க்கரை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவை தாறுமாறாகப் பெருகி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துடைத்து வழித்துத் தின்றுவிட்டன. தீபாவளி வருவதற்குள் மணலின் மேல் பழுப்புச் சளி படர்ந்து, அதில் குமிழ் குமிழாகக் காற்று நின்றது. பவளங்கள் சுருங்கின.

ஜெயகிருஷ்ணன் அளந்தார். இரண்டும் பூஜ்யம். மறுநாளும் அளந்தார். பூஜ்யம்.

"எப்படிடி? மீன் சாப்பிடறது, கழியறது. எங்க போறது எல்லாம்?" என்று அவளிடமே கேட்டார்.

உப்பை மாற்றினார். ஆர்.ஓ. வடிகட்டியை மாற்றினார். தீனியை இரு மடங்காக்கினார். முப்பது வருஷம் ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த மனிதர், சொந்த வீட்டுச் சமையலறையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினார். தொட்டியில் புதிதாக விழுந்தது வெல்லம் ஒன்றுதான். மாதங்கிக்கு அது புரியாமல் இல்லை. வெல்லத்தை நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தீர்மானிப்பாள். செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது கை தானாக அங்கே போகும், தீர்மானம் பறந்துவிடும். நிறுத்துகிற வாரம் கட்டி பெரிதாகிவிட்டால்?

நிறுத்தாமலேயே பெரிதாயிற்று. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டி முன்பு இருந்ததைவிட அகலமாகத் தெரிந்தது. மேலே தோல் லேசாக உள்வாங்கியிருந்தது. மேகலாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் மாதங்கிக்குச் சுண்டைக்காய் அளவெல்லாம் போதவில்லை. ஒரு முழு அச்சு வெல்லத்தை எடுத்து வந்து, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். முழங்கைவரை ஈரமாக, அழுதுகொண்டே கரைத்தாள்.

புதன்கிழமை காலை, காபி கலந்துகொண்டிருந்தபோது ஹாலில் இருந்து குரல் வந்தது.

"மாதங்கி! ஜல்தி வா இங்க!"

தொட்டி முழுக்கத் தண்ணீர், கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மஞ்சள் மீன் மணலில் சாய்ந்துவிட்டது. ஜெயகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அந்தோணி. தூத்துக்குடிக்காரர், புசா ரோடில் இதே மாதிரி தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர்.

"பால் மாதிரியா இருக்கு? அப்போ தண்ணியில காத்து இல்ல சார். உள்ள எதுவும் இனிப்பு விழுந்துச்சா? சர்க்கரை, பழம், எதாச்சும்?"

"எங்காத்துல யாரு போடப்போறா? நானும் இவளும்தான்."

"நல்லா யோசிச்சுக்கிடுங்க. இனிப்பு விழுந்திருந்தா பாசி மருந்து பக்கமே போகப்படாது. இருக்கிற கொஞ்சக் காத்தும் போயி ஒண்ணுவிடாமச் செத்துரும். விழலைன்னா அந்தப் பழுப்புப் பாசிதான் தண்ணியைக் கெடுக்குதுன்னு அர்த்தம். மருந்தை ஊத்திர வேண்டியதுதான்."

"விழலை. நிச்சயமாத் தெரியும்," என்றார் ஜெயகிருஷ்ணன். போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பாசி மருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

மாதங்கி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். சொன்னால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொன்னால் ஊசிக்கு அழைத்துப் போய்விடுவார். சொல்லாவிட்டால் இந்த வாயில்லா ஜீவன்கள் அவள் கண்ணெதிரே சாகும். அவர் அளவு மூடியில் மருந்தை ஊற்றினார். மூடியைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். கோமாளி மீன், தீனி என்று நினைத்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டே அவர் கையை நோக்கி வந்தது.

"ஊத்தாதீங்கோ!"

அவர் திரும்பினார்.

"வெல்லம் போட்டேன். நான்தான் போட்டேன். நேத்திக்கு ஒரு அச்சு, முழுசா. முன்னாடியும் போட்டிருக்கேன்."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது.

"பைத்தியமா உனக்கு? நான் ராப்பகலா மண்டையை உடைச்சுண்டிருக்கேன், பக்கத்துல நின்னு பார்த்துண்டிருந்தியா? பாயசமா வைக்கற? வெல்லத்தை எதுக்குடி இதுல போட்ட?"

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஆனால் பயம் வரவில்லை. இத்தனை மாதமாக உள்ளே கிடந்தது, கோபமாகத்தான் வந்தது.

"கட்டி கரையணும்னு போட்டேன்! எனக்கு மார்ல கட்டி வந்திருக்கு. வைத்தீஸ்வரன் கோயில் இங்க எங்க இருக்கு? மீன் வாயைத் திறந்தா ஓடி வரேளே, நான் சாப்பிடாம எழுந்து போறது தெரிஞ்சுதா? தூங்காம உட்கார்ந்திருக்கறது தெரிஞ்சுதா? அதுக்கு எந்தக் குப்பியில சொட்டு விடுவேள்?"

கேட்டது நியாயமா என்று சொல்ல முடியாது. மூடி மூடி வைத்தவளே, ஏன் திறந்து பார்க்கவில்லை என்று கேட்கிறாள். ஆனால் ஜெயகிருஷ்ணன் நியாயம் பேசவில்லை. மருந்து மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கே?" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஈரக் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் விரல்கள் அங்கேயே நின்றன. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் கட்டி எவ்வளவு பெரிது என்பது மாதங்கிக்கு உறைத்தது.

அவர் எழுந்து போய்க் காற்று பம்பைத் தொட்டிக்குள் போட்டார். அந்தோணியைத் திரும்பக் கூப்பிட்டார். "வெல்லம்தான் விழுந்திருக்கு. உப்புத் தண்ணி கலந்து எடுத்துண்டு வந்து மாத்த முடியுமா? சாவி கீழாத்துல குடுத்துட்டுப் போறேன். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்." சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"ஊசி குத்தினாப் பரவிடும்னு எல்லாரும் சொன்னாளே," என்றாள் மாதங்கி. குழந்தை மாதிரி இருந்தது குரல்.

"பரவாது. மேகலா லேட்டாப் போனா, அவ்வளவுதான்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். பயந்துண்டே போகலாம், வா."

டிஸ்பென்சரி டாக்டர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஸ்கேன் அறைக்குள் ஜெயகிருஷ்ணனை விடவில்லை. அந்த ஊசி, மரத்துப்போக மருந்து போட்ட பிறகு, ஓர் அழுத்தமாகத்தான் தெரிந்தது. இதற்கா இத்தனை செவ்வாய்க்கிழமை என்று நினைத்ததும் மாதங்கிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, கட்டி எப்போது தெரிந்தது என்று இந்தியில் கேட்டார். ஜூலையில் என்றாள். டாக்டரம்மா திரையை இன்னொரு முறை பார்த்தார். ரிப்போர்ட் வந்தால்தான் உறுதி, ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இல்லை, அக்குளிலும் ஒன்று தெரிகிறது, வைத்தியம் உண்டு, ஜூலையிலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார்.

வெளியே பெஞ்சில் ஜெயகிருஷ்ணன் இரண்டு போன்களையும் அவள் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் எழுந்தார்.

"என்ன சொன்னா?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாதங்கி அதை விழுங்கினாள்.

"நல்லதா சொல்லலை. உட்காருங்கோ, எல்லாத்தையும் சொல்றேன்."