பத்து மாதச் சம்பளம்

முதல் முறை அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை, கேட்ட தொகை அதிகம் என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். சூடு கண்ட பூனையாகிவிட்ட நான், இரண்டாம் முறை செலவுப் பட்டியலை வரிவரியாக வெட்டினேன். கடற்புல் படுகைகளில் வாழும் சிற்றுயிர்களைக் கணக்கெடுப்பதுதான் திட்டம். கண்ணாடிச் சாமான்களைக் குறைத்தேன், விசைப்படகு வாடகையைக் குறைத்தேன். அப்புறம் பட்டியலில் ஆய்வு மாணவர் ஒருவருக்கான சம்பளம் வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகே போகாதபோது மாணவருக்கு என்ன வேலை? ஆண்டுக்குப் பத்து மாதம் என்று எழுதினேன். டெல்லியில் உட்கார்ந்து பணம் ஒதுக்குகிறவர்களுக்குத் தடைக்காலம் பற்றி என்ன தெரியும், எழுதுகிறவள் ராமநாதபுரத்துக்காரி அல்லவா என்று பெருமை வேறு. இந்த முறை திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

வேலைக்கு வந்தவள் தங்கச்சிமடத்துப் பெண். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். உத்தரவில் பத்து மாதம் என்று இருந்ததைப் பற்றி அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. படகு ஆடத் தொடங்கியதும் நான் வாந்தி எடுத்துவிட்டு ஒரு மூலையில் கிடப்பேன். அவள் மாதிரிகளை எடுத்து, புட்டியில் போட்டு, எண் எழுதி, எனக்கு எலுமிச்சம்பழமும் நறுக்கிக் கொடுப்பாள். இவள் இருக்கும்வரை திட்டம் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அவளைக் கூப்பிட்டு, இனி ஜூனில் வந்தால் போதும், இடையில் சம்பளம் கிடையாது என்றேன். அவள் கோபப்படவில்லை.

"அந்த ரெண்டு மாசந்தான் மேடம் எங்க வீட்ல ஒண்ணும் வராது. அப்பா போற போட்டும் கரையிலதான கெடக்கும்."

அரசாங்க நிவாரணம் வருமே என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அது தம்பிகளின் பள்ளிக்கூடச் செலவுக்கே காணாது என்றாள்.

அவள் போன பிறகுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் சிற்றுயிர்களைப் பிரித்து எண்ண வேண்டிய புட்டிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. கடலுக்குப் போகாத மாதங்கள்தான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும் மாதங்கள். இத்தனை வருடமாக இதே வேலை பார்ப்பவளுக்கு அது உறைக்காமல் போனது வெட்கக்கேடு. சிக்கனம் என்று நான் செய்தது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

படகு வாடகையில் மிச்சமிருந்ததை அவள் சம்பளத்துக்கு மாற்றித்தரச் சொல்லி எழுதினேன். மற்ற செலவுத் தலைப்புகளிலிருந்து சம்பளத்துக்கு மாற்ற விதியில்லை என்று பதில் வந்தது. என் கைப்பணத்தைத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஜூனில் படகுகள் கடலுக்குப் போயின. அவள் வரவில்லை. போன் செய்தேன்.

"இங்கன நீங்க குடுக்குறதுல பாதிதான் மேடம். ஆனா பன்னெண்டு மாசமும் வருது," என்றாள்.

அந்தப் புட்டிகளை நானே எண்ணினேன். எண்ண எண்ண என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த திட்டத்தில் பன்னிரண்டு மாதம் என்று எழுதினேன். திட்டத்தைப் பரிசீலித்த நேர்காணலில் குழுவினரில் ஒருவர், தடைக்காலத்தில் மாணவருக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டார். புட்டிகளை எண்ணுவார், வேளாவேளைக்குச் சாப்பிடவும் செய்வார் என்றேன். சிரித்தார்கள். பணம் தந்தார்கள்.

உத்தரவு கையில் கிடைத்த அன்றே ஜவுளிக்கடைக்குப் போனேன். யாரோ பிரித்துப் போட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வயது வரம்பு எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவளுக்கு நாலு மாதம் கூடிப்போயிருந்தது.

"எத்தன மாசம் போட்ருக்கீங்க மேடம்?"

"பன்னெண்டு."

"நல்லது. வர்ற புள்ளையாச்சும் நிலைச்சு நிக்கும்," என்றாள்.