செடிக்கு நான் சொன்ன ஊர்

எழுபதுகளில் மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் வைத்திருந்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. பேனாவும் கையுமாக யார் வந்தாலும் சர்க்கார் ஆள் என்றே நினைப்பேன்.

ஒருநாள் மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கி வந்தேன். செடி சேகரிக்கச் சென்னையிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒருவர், கட்டிலிருந்து ஒரு சிவப்புச் செடியை உருவினார்.

"இது எங்க முளைச்சுதுங்க?"

என் வரப்பில்தான். ஆனால் களை மண்டின அளம் என்று எழுதிக் குத்தகையைப் பிடுங்க வந்தவரோ என்று சந்தேகம்.

"கீழ்புத்துப்பட்டு பக்கங்க" என்றேன்.

செடியைப் பேப்பருக்குள் வைத்து, சீட்டில் அந்த ஊரையும் என் பெயரையும் எழுதினார். "நூறு வருஷம் கழிச்சும் இந்தச் சீட்டை நம்பித்தாங்க தேடுவாங்க."

"ஏன்யா, இலையை ஒட்டி வைக்கிற ஆளா உன் அளத்தைத் தூக்கிட்டுப் போவான்?" என்று, வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் அவர் அந்த ஊரில் தேடிவிட்டு, வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். "அங்க ஒண்ணுகூட இல்லீங்க. ஆடு மேஞ்சிருக்கும் போல" என்று எனக்காக அவரே சமாதானம் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

"ஆடுதாங்க மேஞ்சிருக்கும்" என்றேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

குத்தகையை யாரும் பிடுங்கவில்லை. அந்தச் செடி சென்னையில் ஏதோ பீரோவில் இருக்கும். என் பேச்சை நம்பி இன்னும் எத்தனை பேர் வெயிலில் அலைவார்களோ என்பதுதான் இப்போது என் கவலை.