தூணில் தெரிந்த கோடு

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. பன்னிரண்டு வருஷமாக, கைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டாள். வீட்டுத் தரகர்கள் அவளை 'ஜன்னலம்மா' என்பார்கள். மற்றவர்கள் எடுத்தால் அறை நன்றாகத் தெரியும், ஜன்னல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். இவள் எடுத்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் இலையைக்கூட எண்ணலாம். வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்துத்தான் எடுப்பாள். அறை கரிச்சட்டி மாதிரி வரும். அப்புறம் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்த இருட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவாள்.

"வெளுத்துப் போனது போனதுதான், திரும்ப வராது. இருட்டுல போனதைத் தேடி எடுத்துடலாம்" என்பாள் தரகர்களிடம்.

அப்படித் தேடும்போது வேண்டாததும் கூடவே வரும். கட்டிலுக்கடியில் திணித்த அழுக்குத் துணி. ஒருமுறை, படத்தில் விழக்கூடாதென்று கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்ற வீட்டுக்காரர்.

அவளுடைய அக்கா குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னார் தரகர். நல்ல உச்சி வெயில். வாசல் பக்கம் கண் கூசியது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல் வெயிலுக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் இருட்டைத் தூக்கியபோது, மூலையில் கம்பிவலை அடித்துப் பூட்டியிருந்த மோட்டார் அறைக்குள் ஒரு தூண் தெரிந்தது. தூணின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

மறுநாளே கட்டடச் சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தாள். அவர் படத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"படம் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கேம்மா. இப்படி இழுத்து இழுத்து வெளிச்சம் ஏத்தினா என் நெத்தியிலகூட விரிசல் தெரியும்."

"அறையைத் திறந்து காட்டுங்க சார். பார்த்துட்டுப் போயிடுறேன்."

"சாவி மோட்டார்க்காரன்கிட்ட இருக்கு. வீடு விக்கிற நேரத்துல இப்படிப் பேசினா யாரு வாங்க வருவா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது அவளுக்கே தெரியும். சின்னக் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சார் விரல் நகத்தளவுதான். ரொம்ப இழுத்தால் இருட்டு மணல் மணலாக உதிரும், அதில் கோட்டையும் காணலாம், கோழியையும் காணலாம். கீழ்த்தளத்துக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் கம்பிவலையிலேயே பட்டுத் திரும்பியது.

படியேறி அக்கா வீட்டுக்குப் போனாள். வீடு முதல் மாடியில், அந்தத் தூணுக்கு நேர் மேலே.

"குளியலறைக் கதவு சாத்தவே மாட்டேங்குதுடி. மழைக்கு ஊதிடுச்சு போல" என்றாள் அக்கா.

அந்த மாதம் மழையே பெய்யவில்லை.

கீழே தூண் இறங்கினால் மேலே கதவுச் சட்டம் கோணும். தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருந்தது. பெரிய சென்சார், இருட்டை எவ்வளவு தூக்கினாலும் தாங்கும். மனுஷன் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார், ஆனாலும் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஸ்டாண்டோடு போய், லென்சைக் கம்பிவலையின் கண்ணொன்றில் வைத்தாள். அந்தக் கேமராவில் பார்த்தால் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக விழும். அதற்குப் பிடிமானமாக ஒரு விளிம்பு வேண்டும். கண் பழகும்வரை அந்த இருட்டில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. திருகினாள். இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாயின. விரிசலை வைத்தே விரிசலைப் பிடித்திருந்தாள். முப்பது விநாடி திறந்து வைத்து எடுத்தாள்.

அந்தப் படத்தில் புள்ளி இல்லை. விரிசலுக்குள் துருப்பிடித்து வளைந்த கம்பி தெரிந்தது.

செயலாளர் இந்தமுறை கேலி பேசவில்லை. "ஆள விட்டுப் பார்க்கச் சொல்றேன்" என்றார். மூன்றாம் நாள் அவள் மறுபடி எடுத்தபோது விரிசலைக் காணோம். தூணில் புதுச் சிமெண்ட் பூசியிருந்தது. இன்னும் இரண்டு நாள் கழித்து எடுத்தாள். பூச்சின் மேல், அதே சாய்வில், மயிரிழை போல் கோடு எட்டிப் பார்த்தது.

பெரிய கேமராவில் எடுத்த மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு நேரே நகராட்சிக்குப் போனாள். பொறியாளர் ஓய்வுபெறப் போகும் வயதுப் பெண்மணி. தேதி வாரியாக மேசையில் வைத்துப் பார்த்தவர், தலை நிமிராமல் கேட்டார்.

"இதுக்கு மேல யாரு இருக்காங்க?"

"எங்க அக்கா."

"இன்னைக்கே வெளியே கூட்டிட்டு வாங்க. மத்தவங்களுக்கு நான் ஆள் அனுப்புறேன்." படங்களை அவளிடமே திருப்பித் தந்தார்.

அக்கா லேசில் கிளம்பவில்லை. "உனக்கு எப்பவுமே ஒண்ணுன்னா ஒன்பது" என்று திட்டிக்கொண்டே துணிகளை மூட்டை கட்டினாள். சாயங்காலத்துக்குள் இருபது வீட்டில் பத்தொன்பது காலியானது. செயலாளர் மட்டும் எழுத்தில் உத்தரவு வராமல் நகர மாட்டேன் என்று உள்ளேயே இருந்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அந்த மூலை அப்படியே உட்கார்ந்தது. படிக்கட்டு அதோடு போனது. அதிகாரி கொண்டுவந்த உத்தரவைப் படித்துவிட்டு, சூட்கேசோடு இறங்கிக்கொண்டிருந்த செயலாளரை இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரே ஆஸ்பத்திரியிலிருந்து ஆளனுப்பி அவளை வரச் சொன்னார். கட்டிலோரம் நின்றவளிடம் மெல்லக் கேட்டார்.

"அந்த ரெண்டாவது படம் இல்லாமலே விசாரணை நடக்காதாம்மா? பூசச் சொன்னது நான்தான்னு தெரிஞ்சா…"

அவளால் அவர் காலிருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை, வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை. "கொடுத்துட்டேன் சார்" என்றாள். உண்மையில் அதற்கு அடுத்த நாள்தான் விசாரணைக்குக் கொடுத்தாள், மூன்றையும்.

அக்கா இப்போது வாடகை வீட்டில் இருக்கிறாள். புதுவீட்டைப் பார்க்க இவள் போனபோது, வாசலிலேயே கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வந்தியா, சாப்பிட்டியா, போனியான்னு இரு. இங்க ஒரு படமும் எடுக்க வேண்டாம்."

இவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்த்தாள்.