ரஹிமா அக்கா உரித்துக் காட்டிய மூன்று அடுக்குகள்

ரஹிமா அக்கா இறந்த செய்தி துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நம் ஆய்வகத்தின் சுத்தத்துக்குக் காரணமாக இருந்தவர்" என்று துறைத்தலைவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் துடைத்த மேசைகள் நினைவிருக்கும். அவர் கண்டுபிடித்தது என்ன என்று உங்களில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை.

மாம்பழக்கூழ் ஆலையின் கழிவுச் சாற்றைத் தட்டுகளில் ஊற்றி, அதில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்தோம். அது சாற்றின் மேல் செல்லுலோஸ் இழைகளை நெய்து, பாலாடை போல ஒரு படலம் கட்டும். கற்றாழை நாரை அதில் கிடத்தினால் படலம் நாரோடு பின்னிக்கொள்ளும். பிறகு மரவள்ளிப் பசை சேர்த்து அழுத்தினால் உறுதியான பலகை கிடைக்க வேண்டும். எங்கள் பலகைகளோ வளைத்தால் ஏடு ஏடாகப் பிரிந்தன.

தட்டுகளைப் பார்த்துக்கொண்டவர், பொம்மிடியிலிருந்து தினமும் வந்துபோன ஒப்பந்த உதவியாளர் ரஹிமா அக்கா. விருந்தினர் வரும்போதெல்லாம் தலைவர் தட்டைத் தூக்கிச் சாய்த்துக் காட்டுவார். "தயிரு ஒறைய வெச்ச சட்டிய வர்றவங்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுனா ஒறையுமா பாப்பா? பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல காட்டுறாரு" என்று அக்கா என்னிடம் முணுமுணுப்பார்.

ஒருநாள் தலைவர் பிளந்த பலகையோடு வந்தார். "கையக் கழுவாம தொட்டிருப்பே. வேற என்ன?"

அக்கா ஒரு தட்டிலிருந்து படலத்தை எடுத்து, ஓரத்தை நகத்தால் கீறி உரித்தார். மூன்று அடுக்குகளாக வந்தது.

"அசைச்சா கட்டுனது முழுகிடுதுங்க சார். அதுக்கு மேல புதுசா ஒண்ணு கட்டுது. ரெண்டும் ஒட்டறதில்ல. இது மொதல்ல கட்டுனது. இது டெல்லிக்காரங்க வந்துட்டுப் போன பொறவு. இது டிவிக்காரங்க வந்த பொறவு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அப்படியா?"

அந்த இரண்டு நாளும் நான் அங்கேதான் நின்றிருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "சரியாத் தெரியலைங்க சார்" என்றேன்.

மறுவாரம் அக்காவை விடுதிச் சமையலறைக்கு மாற்றினார்கள். காரணம், கவனக்குறைவாம். அதன்பின் தட்டுகளை யாரும் தொடாமல் பூட்டி வைத்தோம். பலகை பிரியவில்லை. தட்டை அசைக்கக் கூடாது என்ற முடிவோடு ஆய்வுக்கட்டுரை வந்தது. தலைவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. நன்றி சொன்ன வரியில்கூட அக்கா இல்லை.

கட்டுரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "நாஞ்சொன்னதத்தான் இங்கிலீசுல சொல்லியிருக்காங்க" என்று சிரித்தார். பிறகு, "அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார். அதுவரை நான் அவருக்குப் பாப்பா.

இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து அவருடைய பணிவைப் புகழ்ந்தார்கள். துறைத்தலைவரின் முகத்துக்கு நேரே படலத்தை உரித்துக் காட்டிய பெண்ணா பணிவானவர்? பணிந்தது நான்.

கட்டுரை வெளியிட்ட இதழுக்கு எழுதிவிட்டேன்: கண்டறிந்தவர் ரஹிமா, மறைத்தவர்களில் நானும் ஒருத்தி. பட்டம் கைக்கு வந்த பிறகு வந்த துணிச்சல் இது என்று நீங்கள் சொன்னால், அதுவும் உண்மைதான்.

அன்று அவர் மேசையில் விட்டுப்போன மூன்று அடுக்குகளும் உலர்ந்து, காகிதம்போல என்னிடம் இருக்கின்றன. அந்த 'மேடம்' என்ற சொல்லும் இருக்கிறது.