ரோஸ் கலர் மாத்திரை

கமண்டல நாகநதியில் தண்ணீர் கரைதொட்டுப் போனதும், ஆரணியே பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்ததே... அதற்கு மறுநாள். நான் மட்டும் மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

என் சம்சாரத்துக்கு வலிப்பு உண்டு. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு ரோஸ் மாத்திரை. அது இருக்கிற தைரியத்தில்தான் இத்தனை வருஷமாக அவளை அடுப்படியில் தனியே விடுகிறேன். ஒருநாள் தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அட்டை காலி. எந்தக் கடையிலும் அந்த ரோஸ் ஸ்டாக் இல்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு மேரியம்மா ஓர் அட்டையோடு நிற்கிறார்.

“இன்னாத்துக்குண்ணா பேஜாராவுறீங்க? நான் தெனம் போட்டுகினு இருக்கறதும் ரோஸுதான். நீங்களே பாருங்க.”

பார்த்தேன். நான் சாயப் பட்டறை ஆள். மாதிரி நூலை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கலர் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். பழைய அட்டையில் ஒட்டியிருந்த மாத்திரைத் துணுக்கை அதன் பக்கத்தில் வைத்தேன்.

“அச்சு அசலா அதேதாம்மா.”

வேறென்ன சொல்வேன்? எங்கள் காலத்தில் மருந்துக்குப் பேர் ஏது! பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனால் கம்பவுண்டர் மிக்ஸ்சர் ஊற்றித் தருவார். அவரிடமே எங்கள் பட்டறை ஆட்கள் சண்டைக்கு நிற்பார்கள்.

“போன வாட்டி குடுத்தது வெங்காயத்தோல் கலருங்க. இது அரக்கு கலரா கீது. வேணாம்!”

அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவார். “இப்ப?”

“ஆங்... இப்ப கரெக்டு!”

காய்ச்சலும் விட்டுப் போகும். என்ன கலரோ, என்ன மாயமோ!

சரி, கதைக்கு வருகிறேன். மேரியம்மா அட்டையைக் காட்டி அதையே வாங்கிவிடலாம் என்று மறுபடி கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்ததும் பதறினாள்.

“தாத்தா, இது சுகர் மாத்திர! ஆயாவுக்கு சுகர் இருக்கா?”

“இல்லியேம்மா.”

“அப்ப இதப் போட்டா சுகர் எறங்கி மயக்கமே வந்துடும். கலரு கம்பெனிக்காரன் இஷ்டம் தாத்தா. மருந்து பேரு இதோ, பொடி எழுத்துல கீது.”

இருந்தது. எனக்குத்தான் எந்த எழுத்தும் படிக்க வராது.

என் காலி அட்டையை வாங்கிப் பார்த்து, அவளே டாக்டருக்குப் போன் போட்டாள். அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி... கொடுக்கலாம் என்றார். பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெளேர்!

சம்சாரம் கையில்கூட வாங்கவில்லை.

“எனக்கு ரோஸுங்க. இது யாருதோ.”

“டாக்டர் சொன்னாரும்மே.”

“அவருக்கு இன்னா தெரியும் கலரப் பத்தி? நீங்க வெளிச்சத்துல பாத்து சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லியிருந்தால் அந்தச் சுகர் மாத்திரையையும் இவள் கேள்வி கேட்காமல் விழுங்கியிருப்பாள்.

“இது கண்ணால பாத்து சொல்ற சமாச்சாரம் இல்லம்மே. முழுங்கு.”

என்னை முறைத்துவிட்டு விழுங்கினாள். காலையில் அவள் குரல்தான் என்னை எழுப்பியது... பால்காரனோடு சண்டை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு!

மாத்திரை கிடைக்காவிட்டால் நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டில் வாங்கியும் போடாதீர்கள். காலி அட்டையோடு போய்க் கடையில் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள்.

நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதினார்கள், நீங்கள் படித்துவிட்டீர்கள். உங்கள் தெருவிலும் என்னைப் போல் எழுத்துத் தெரியாத ஒருவர் இருப்பார் — அவர் காதில் இதைப் போட்டுவிட்டு வாருங்களேன்.