புரொபெசொரெசாவின் கிணறு

அந்தக் கண்ணாடிச் சாடி புரொபெசொரெசாவின் மேசையில், வெயில் படாத மூலையில் இருந்தது. உள்ளே சாராய மணம் வீசும் திரவத்தில் மிதந்தது என் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இறால். இறால் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கடலோரம் வளர்ந்தவனை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. இறாலுக்குத் தலையையும் நெஞ்சையும் மூடி ஓர் ஓடு இருக்கும். கறிக்கு முதலில் கழற்றுவது அதைத்தான். இதற்கு அது கிடையாது. தலையிலிருந்து வால் வரை வளையம் வளையமாக, போர்வை இல்லாமல் பிறந்த பிராணி. தாஸ்மேனியா என்ற தீவில், குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் மிகப் பழைய இனம் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். முதல் ஆறு வருடமும் அதைத் தூசி தட்டும்போது, இந்த மனுசி ஏன் சமைக்காமல் வைத்திருக்கிறா என்று மட்டும் யோசித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவன் நான். கபோ சந்தைக்குப் பின்னால், முற்றத்தில் கிணறு உள்ள ஒரு பழைய வீட்டில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சின்யோரா என்றால் கோபம் வரும். பேராசிரியை என்ற பொருளில் புரொபெசொரெசா என்றுதான் அழைக்க வேண்டும். எனக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது அந்த நாட்டில் தங்கும் அனுமதி, இல்லை. அதனால் சந்தைக்குப் போய் வருவதோடு என் உலகம் முடிந்தது. போலீஸ் சீருடை தெரிந்தால் மீன்காரனின் தட்டிக்குப் பின்னால் நின்று, வேண்டாத மீனுக்கு விலை கேட்பேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். பெர்மெஸ்ஸோ கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு விசித்திர வேலை இருந்தது. கயிற்றில் கட்டிய சின்னப் பட்டு வலையை நான் கிணற்றில் இறக்கி, அடி வரைக்கும் விட்டு, மேலும் கீழுமாக ஆட்டி இழுக்க வேண்டும். வலையில் சேர்ந்ததைப் புரொபெசொரெசா தட்டில் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, நூல் துண்டு போல நெளியும் வெள்ளைப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. வீட்டு வேலைக்காரனுக்கு யார் விளக்கம் சொல்வார்கள்? நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் வரும் ஊர் அது. மற்ற நாட்களில் கிணற்று நீர்தான். பாவம், படித்த மனுசி, கிணற்றுப் பூச்சியை இப்படி ஒன்று ஒன்றாகப் பொறுக்கித் துப்புரவாக்கப் பார்க்கிறா என்று நினைத்தேன்.

ஒரு வசந்தத்தில் அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி திறந்தது. வேலை கொடுப்பவர் கையெழுத்திட்டால் பெர்மெஸ்ஸோ. புரொபெசொரெசா, "கத்தானியாவில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளில் வருவேன், வந்ததும் போடுகிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுசிக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை கிணறு இறைத்து, சுவரைத் தேய்த்து, மருந்து போடாத வீட்டை மதிக்க மாட்டார்கள். இரண்டு நாள் வாளி வாளியாக இறைத்தேன். பாசியைத் தேய்த்தேன். கடைசியில் மூன்று போத்தல் குளோரினைக் கவிழ்த்தேன். அவர் திரும்பி வரும்போது மணம் போய்விட்டது. சொல்லாமலே கண்டு மகிழட்டும் என்று விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வலையில் ஒன்றும் வரவில்லை. நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அடுத்த கிழமையும் வெறுமைதான். மூன்றாம் தடவை, புரொபெசொரெசா யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்பதுபோல அந்தச் சாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். மலை ஓடையில் வாழும் இந்தப் பிராணியின் சொந்தங்கள்தான் நம் கிணற்றில் இருப்பவை என்றார். எப்போதோ நிலத்துக்கடியில் போனவை, இருட்டில் கண்ணை இழந்தவை, இனி வெளியே வர வழி தெரியாதவை. இந்தக் கிணற்றில் இருபது வருடமாக அவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் காலி வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். ஒரு சாடியை இடம் மாற்றி வைத்ததற்காக எனக்கு முன்னிருந்த வேலைக்காரியை அன்றைக்கே அனுப்பிவிட்டவர் அவர்.

பக்கத்து வீட்டில் வேலை செய்த மன்னார் அண்ணை ஒருவரிடம் மட்டும் சொன்னேன். தேவாலயம் தவறாத மனிதர். பாவம் புண்ணியம் பார்ப்பவர். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "வாயைத் திறந்திடாதை. முதல் கையெழுத்து, பிறகு பாவசங்கீர்த்தனம்" என்றார்.

பொலிதேயாமா தியேட்டர் பக்கத்து டெலிபோன் கூண்டிலிருந்து கொழும்புக்கு எடுத்தால், "அவ கையெழுத்து வைச்சிட்டாவோ? பிள்ளை உங்கடை படத்தைக் காட்டி இது ஆரெண்டு கேக்கிறாளப்பா" என்றாள் மனைவி. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, "வைப்பா, வைப்பா" என்றேன்.

பூச்சிகள் இருந்தும் தனக்குத்தான் தெரியவில்லை என்று புரொபெசொரெசா தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். கண் மருத்துவர் வயதுதான் காரணம் என்று ஏதோ சொல்லி அனுப்பினார். "பூச்சிகளை ஒட்டி வைத்த பழைய கண்ணாடித் தகடுகளில் எது எங்கே என்று எனக்கு மனப்பாடம், அதனால் தெரிகிறது. புதிதாகக் கண்டுபிடிக்கத்தான் கண் இல்லை" என்றார். விண்ணப்பக் கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து கையெழுத்திட்டார். எங்கே போடுவது என்று என்னையே காட்டச் சொன்னார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பெர்மெஸ்ஸோ கைக்கு வரட்டும் என்று பொறுத்தேன். குவெஸ்தூரா என்ற போலீஸ் தலைமையகத்தில் இழுத்தடித்தார்கள். அந்தக் கோடையில் ஒருநாள் புரொபெசொரெசா, தனக்கு இனி எதற்கு என்று, யாரோ ஓர் இளம் ஆய்வாளருக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்துவிட்டார். படியிறக்கி வண்டியில் ஏற்றியது நான்தான். எழுபத்திரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு படியிலும் மகள் முன்னால் வந்து நின்றாள். நிலத்துக்கடியில் இருந்தது நான்தான். ஆனால் மேலே வர வழி தெரிந்தே இருந்தது.

பெர்மெஸ்ஸோ கிடைத்த நாளில் அதை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. புரொபெசொரெசா அந்தத் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எந்த மருந்து? போத்தலைக் கொண்டு வா" என்றார். மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டு வந்தேன். சன்னலுக்குப் போய், அதன் பின்பக்கத்திலிருந்த பொடி எழுத்துகளை உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஒரு வரியும் தடுக்கவில்லை. முடிக்கும்போது அவருடைய முகம் சிறுமியின் முகம் போல மலர்ந்திருந்தது.

"அப்படியானால் என் கண்ணுக்கு ஒன்றுமில்லை!" என்றார். "கேட்டாயா? ஒன்றுமில்லை!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மலையடிவாரத்துத் தோட்டங்களில் வேறு கிணறுகள் உண்டு, சனிக்கிழமை போவோம், வலையை எடு, தட்டுகளைக் கழுவு என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வலையை எடுத்தேன். தட்டுகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் மைக்ரோஸ்கோப் இருந்த இடத்துக்கு மேல் கண்ணைத் தாழ்த்திய பிறகுதான், பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.