இந்த அறையைத் தாண்டாது

“மேடம், நீங்க போலீசா?” என்று கேட்டார் அவர்.

நான் கேட்டதென்னவோ மிகச் சாதாரணமான கேள்விதான். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், நம் நாட்டுப் பிரதமர் யார் என்று மனநிலையைச் சோதிக்க உட்காரும் எவரும் முதலில் கேட்பார்கள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் புத்தகம் எழுதியவர் 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்து எழுதவில்லையே! அந்த வருஷம் மே மாதம் நடந்ததற்குப் பிறகு, நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் ஊர் ஜனங்கள் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். அங்கே போய், சுடச்சுட, பிரதமர் யார் என்று கேட்டு வைத்தேன். மகா அறிவாளி நான்.

“ஏற்கெனவே ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போய்ட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

‘சந்தேகம் மிகுதி’ என்று நோட்டில் எழுதினேன்.

நான் அப்போது மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்கான பயிற்சியில் இருந்தேன். புதன்கிழமைதோறும் மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி அந்தச் சின்ன கிளினிக்குக்கு வருவேன். நோயாளிகளைப் பார்த்து வாராவாரம் அறிக்கை எழுதிப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மணி நேரங்கள் என் கணக்கில் ஏறும். மெட்ராஸில் எங்கள் பயிற்சி அறைச் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. நமக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னால் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு ஜன்னல். ஒரு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்ததில், ஓட்டலில் கை கழுவும் இடத்துக் கண்ணாடியைக்கூட நான் விரலால் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அந்த லட்சணத்தில் இன்னொருவருடைய சந்தேகத்தை அளக்க வந்துவிட்டேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். வடக்குப்பட்டுக்காரர். ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. கேன்டீனில் டீ குடிப்பதில்லை, டிபன் பாக்ஸை மடியிலிருந்து இறக்குவதில்லை, தன்னை வேவு பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள் என்கிறார் என்று எழுதிக் கம்பெனியே அவரை எங்களிடம் அனுப்பியிருந்தது. புத்தி சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிறவரை டியூட்டி கிடையாது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

“நீங்க எங்கிட்ட சொல்ற எதுவும் இந்த ரூமைத் தாண்டாது” என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப் போயிருந்தது.

அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம்தான் பேசினார்.

“மெஷின்ல கை உள்ள பூடாம இருக்க, முன்னால ஒரு இரும்பு வலை இருக்கும் மேடம். கார்டுன்னு சொல்லுவோம். அது இருந்தா வேலை ஸ்லோ ஆவுதுன்னு கழட்டிட்டாங்க. கூட வேலை செஞ்ச பையனுக்கு ரெண்டு விரல் பூட்ச்சி. லேபர் ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க வந்தவர்கிட்ட நான் உள்ளதைச் சொல்ட்டேன். அன்னிலேர்ந்து என்னைப் பைத்தியம்ன்றாங்க.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. உண்மையாக இருக்கலாம். ஆனால் நம்பும்படியாகக் கோவையாகச் சொல்வதுதான் இந்த நோயின் சாமர்த்தியம் என்று பேராசிரியர் தலை தலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாரே! ஏமாந்துவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தேன்.

“அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் என் நோட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கீது. கழட்டுன கார்டை எடுத்தாந்து எங்க மாட்டுக் கொட்டாயில பொதைச்சு வெச்சிருக்கேன். என் பொஞ்சாதிக்கே தெரியாது. உங்களாண்டதான் சொல்றேன்” என்றார்.

எனக்குள் மணி அடித்தது. இரும்பைத் திருடி மாட்டுக் கொட்டகையில் புதைப்பதாவது! நோய்தான், சந்தேகமே இல்லை. பஸ்ஸிலேயே அறிக்கையை எழுதி முடித்தேன். கொட்டகை, கார்டு, மனைவிக்குக்கூடத் தெரியாதது, ஒன்று விடவில்லை. பேராசிரியர் படித்துவிட்டு “வெரி குட்” என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் வந்தார். உட்காரவில்லை.

“திங்கக்கிழமை சூப்பர்வைசரும் ரெண்டு செக்யூரிட்டியும் வூட்டுக்கு வந்தாங்க. கம்பெனி சாமான் கீதுன்னு சொல்லி, கடப்பாரை எடுத்தாந்து மாட்டுக் கொட்டாயைத் தோண்டிப் பாத்தாங்க.”

“கெடச்சுதா?”

“இருந்தாத்தானே கெடைக்கும்? நான் அங்க ஒண்ணும் பொதைக்கல. பொய்தான் சொன்னேன். உங்க ஒருத்தராண்ட மட்டும்தான் சொன்னேன் மேடம்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஆராய்ச்சி செய்ய வந்தவள் நான். ஆனால் இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனையைச் செய்துகாட்டியவர் அவர்.

மறுநாள் பேராசிரியரிடம் குதித்தேன். அவர் ஃபைலிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “அனுப்பினது கம்பெனிதானே? காப்பி அவங்களுக்குப் போகாம வேற யாருக்குப் போகும்? முதல் வாரத்திலேர்ந்து போயிட்டுத்தான் இருக்கு. நீ கேக்கவே இல்லையே” என்றார். ஆமாம், நான் கேட்கவே இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தது அவர்தான். பாவி, நான் அதையும் நோய்க்குறி என்று எழுதியிருந்தேன்.

பிறகு வந்த புதன்கிழமை வடக்குப்பட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நான் எங்கயும் சொல்லாததை உங்களாண்ட என்னிக்கு சொன்னேன், எழுதுனது யாருக்குப் போச்சு, என்னிக்குத் தோண்டுனாங்க. இத்த மட்டும் எழுதிக் குடுங்க. லேபர் ஆபீஸ்ல காட்டணும்.”

எழுதினால் பேராசிரியர் என் பயிற்சியில் கை வைப்பார் என்று தெரியும். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவர் என் எதிரே நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். அவருடைய சந்தேகம் நோயல்ல, நடந்தது என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளைக் கையில் வாங்கியதும் அவர் என் எழுதும் அட்டையைத் தூக்கி, அடியில் நகல் எடுக்கும் கார்பன் தாள் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

அந்த கிளினிக் மணி நேரங்களில் பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. வேறு இடத்தில் முதலிலிருந்து செய்தேன். வடக்குப்பட்டுக்காரருக்கு டியூட்டி திரும்பக் கிடைத்தது என்று கிளினிக் நர்ஸ் சொன்னாள். என் கடிதம்தான் வேலை செய்தது என்றும் சொன்னாள். ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். காக்கி யூனிஃபார்மில் கம்பெனி பஸ்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெருமையாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படி இருக்கீங்க?” என்றேன்.

“கீறேன் மேடம்” என்று மரியாதையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.